விடுமுறை யாருக்கு?

பத்தாம் வகுப்பு மாணவி, செட்டியார்பட்டி



"கோடை விடுமுறையில் தூத்துக்குடி போனீர்களே, அதைப் பற்றி ஆண்டு மலருக்கு எழுதிக் கொடு" என்று எங்கள் தமிழாசிரியை கூறினார்கள். பயணக் கட்டுரை எழுதுவது எளிது. காலையில் புறப்பட்டோம், கண்கொள்ளாக் காட்சிகளைக் கண்டு களித்தோம், இனிதே இல்லம் திரும்பினோம் என்று இரண்டு பக்கங்களை நிரப்பிவிடலாம். அப்படித்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் ஊர் திரும்பிய நாளிலிருந்து ஒரு கேள்வி என் மனத்தைக் குடைந்துகொண்டிருக்கிறது. அதைச் சொல்லாமல் கடலையும் கப்பலையும் மட்டும் வருணிக்க என்னால் முடியவில்லை. "கேள்வியையே எழுது, மரியாதையாக எழுது" என்று ஆசிரியை அனுமதி தந்தார்கள்.

எங்கள் ஊர் செட்டியார்பட்டிக்கு மேற்கே மலை உண்டு. கடல் இல்லை. வகுப்பில் என்னோடு ஒரே வரிசையில் அமரும் நாங்கள் ஐவரும் கடலைப் படத்தில் பார்த்ததோடு சரி. எங்களில் ஒருத்தியின் பெரியம்மா தூத்துக்குடியில் இருக்கிறார். "பரீட்சை முடிந்ததும் பிள்ளைகளை அனுப்பி வை, நான்கு நாள் என்னோடு இருக்கட்டும்" என்று அவரே சொல்லியனுப்பினார். போகவும் வரவும் தோழியின் தாயார் துணை. தங்குவதற்கு உறவினர் வீடு. இதைவிடப் பத்திரமான பயணம் வேறு இருக்க முடியாது என்றுதான் நாங்கள் எண்ணினோம்.

ஐந்து வீடுகளில் அனுமதி கேட்டோம். நான்கு வீடுகளில் கிடைத்தது. எங்கள் வீட்டில் மூன்று நாள் ஆயிற்று. அப்பா ஒன்றும் பேசாமல் இருந்தார். கடைசியில் அம்மாதான், "நான்தான் பார்க்கவில்லை, அவளாவது பார்க்கட்டும்" என்று சொல்லி முடித்து வைத்தார். ஐந்தாம் வீட்டில் கிடைக்கவில்லை. "கல்யாணம் ஆன பிறகு புருஷனோடு போய்ப் பார்த்துக்கோ" என்று அவளுடைய தந்தையார் கூறிவிட்டார். எங்கள் ஐவரில் சரித்திரத்தில் எப்போதும் முதல் மதிப்பெண் வாங்குபவள் அவள்தான். தூத்துக்குடியில் என்னென்ன பார்க்க வேண்டும் என்று எங்களுக்குப் பட்டியல் எழுதிக் கொடுத்தவளும் அவள்தான். அதே வாரத்தில் அவளுடைய அண்ணன் நண்பர்களோடு மோட்டார் சைக்கிளில் கொடைக்கானல் போய்வந்தான். அவன் அனுமதி கேட்கவில்லை. புறப்படும்போது தகவல் மட்டும் சொன்னான்.

2025 மே மாதத்தில் ஒரு நாள் காலை, ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாப் பெட்டி ஒன்றைப் பெரியம்மாவுக்காக மடியில் வைத்துக்கொண்டு நால்வரும் பஸ் ஏறினோம். சங்கரன்கோவில், கழுகுமலை, கோவில்பட்டி கடந்து எட்டயபுரம் வழியாகப் போகப் போக, இரு பக்கமும் கரிசல் மண்ணாகவே விரிந்தது. இந்தக் கரிசலில் விளைந்த பருத்தி ஒரு காலத்தில் தூத்துக்குடித் துறைமுகத்தில்தான் கப்பல் ஏறிச் சீமைக்குப் போயிற்றாம். அந்நகரின் பெரிய சாலை ஒன்றுக்கு இன்றும் கிரேட் காட்டன் ரோடு என்றே பெயர். அந்தப் பெயர்ப் பலகையைப் பார்த்தபோது, ஏதோ எங்கள் ஊர்ப் பெயரையே எழுதி வைத்திருப்பது போல நாங்கள் நால்வரும் கூவினோம். பஞ்சும் நூலும் துணியுமாகப் பிழைக்கிற ஊர்ப் பிள்ளைகளுக்கு அது பெருமையாகத்தானே இருக்கும்!

முதல் மாலையே கடற்கரைக்குப் போனோம். உண்மையைச் சொல்வதென்றால் எனக்குச் சற்று ஏமாற்றம். சினிமாவில் வருவது போலப் பனைமர உயரத்துக்கு அலை வரும் என்று நினைத்திருந்தேன். மன்னார் வளைகுடாவில் தீவுகளும் பவளப் பாறைகளும் அலையைத் தடுத்து விடுவதால், தூத்துக்குடிக் கடல் எங்கள் ஊர்க் கண்மாயைப் போல அடக்கமாகக் கிடந்தது. ஆனால் அரை மணி நேரம் காலை நனைத்துக்கொண்டு நின்ற பிறகு, அதற்கு மறுகரை தெரியவில்லை என்பது மெல்ல மெல்ல மனத்தில் உறைத்தது. கண்மாய்க்கு மறுகரை உண்டு. அதன் பிறகு நாங்கள் யாருமே அதிகம் பேசவில்லை.

மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகுகள் எல்லாம் வரிசையாகக் கட்டிக் கிடந்தன. ஏன் என்று கேட்டோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் கிழக்குக் கடலில் விசைப்படகுகள் மீன் பிடிக்கத் தடையாம். மீன்கள் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்க விட வேண்டும் என்று அரசு இந்தத் தடையை விதிக்கிறது. "அப்படியானால் மீனுக்கும் இப்போது கோடை விடுமுறை!" என்று என் தோழி சிரித்தாள். எல்லோரும் சிரித்தோம். என் கேள்வி அந்தச் சிரிப்பில்தான் முளைத்தது என்று இப்போது தோன்றுகிறது.

பனிமய மாதா ஆலயத்தைப் பற்றி இம்மலரின் வாசகர்களுக்கு நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1555-ஆம் ஆண்டு மணிலாவிலிருந்து கப்பலில் வந்த சுரூபம் என்று மரபு. 1982-இல் பசிலிக்காவாக உயர்த்தப்பட்டது. பொற்கிளி போன்ற தங்கத் தேர் 2023-இல் ஓடியபோது வீதி கொள்ளாத கூட்டம் என்று பெரியம்மா கூறினார். போர்த்துக்கீசியர் வந்த இந்நகரை 1658-இல் டச்சுக்காரர் பிடித்ததும், பின்னர் அது ஆங்கிலேயர் கைக்குப் போனதும் பாடப் புத்தகத்தில் உள்ளன. முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரி மூன்றையும் அடித்துச் செய்யும் மக்ரூன் மட்டும் பாடப் புத்தகத்தில் இல்லை. வாயில் வைத்தால் காற்றாய்க் கரைகிறது. பால்கோவாவுக்கு ஈடு என்று ஒப்புக்கொள்ள மட்டும் எனக்கு மனம் வரவில்லை.

இனி, தோழி எழுதித் தந்த பட்டியலுக்கு வருகிறேன். அதில் முதல் வரியில் வ.உ.சி. பெயர் இருந்தது, அதன் கீழே "கோரல் மில்" என்று எழுதி இரண்டு கோடு போட்டிருந்தாள். வ.உ.சி.யை நாம் கப்பலோட்டியவராகவே அறிவோம். 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கி, காலியா, லாவோ என்னும் இரு கப்பல்களைத் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓட விட்டவர்; சிறையில் செக்கிழுத்தவர். ஆனால் 1908 பிப்ரவரி இறுதியில், ஹார்வி சகோதரர்களின் கோரல் மில் தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் செய்தபோது, அவரும் சுப்பிரமணிய சிவாவும் முன்னின்றார்கள். கூலி உயர்வோடு அத்தொழிலாளர்கள் கேட்ட இன்னொன்று என்ன தெரியுமா? வார விடுமுறை. வாரத்தில் ஒரு நாள் ஓய்வு! ஒரு வாரத்துக்கும் மேல் நீடித்த வேலை நிறுத்தத்தின் முடிவில் நிர்வாகம் இறங்கி வந்தது. அதற்குச் சில நாட்களிலேயே, மார்ச் 12-ஆம் நாள், வ.உ.சி. கைது செய்யப்பட்டார்.

இதைப் பெரியம்மா வீட்டு மாடியில் அமர்ந்து படித்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை என்பது ஏதோ சூரியன் உதிப்பது போலத் தானாக வந்தது என்றே நான் எண்ணியிருந்தேன். பம்பாய் மில் தொழிலாளர்களுக்கு லோகண்டே என்பவர் பல ஆண்டுகள் போராடி 1890-இல்தான் ஞாயிறு விடுமுறையை வாங்கித் தந்தாராம். பிரான்சு நாட்டில் 1936-இல் தொழிலாளர் எல்லோருக்கும் சம்பளத்துடன் இரண்டு வார விடுமுறை என்று சட்டம் வந்தபோது, அவர்களில் பலர் அந்தக் கோடையில்தான் முதன்முதலாகக் கடலைக் கண்டார்களாம். எங்களைப் போலவே! பத்துக் கட்டளைகளில் ஒன்று ஓய்வு நாளைப் பற்றியது என்று நன்னெறி வகுப்பில் சிஸ்டர் கற்பித்திருக்கிறார்கள். ஆண்டவன் விதித்ததையே மனிதன் வேலை நிறுத்தம் செய்து வாங்க வேண்டியிருந்திருக்கிறது!

மூன்றாம் நாள் நடந்ததை எழுதலாமா வேண்டாமா என்று மிகவும் யோசித்தேன். எங்கள் அம்மா இதை இம்மலரில்தான் முதன்முதலாகப் படிக்கப் போகிறார். அம்மா, கோபிக்க வேண்டாம்.

அன்று காலை நாங்கள் நால்வர் மட்டும் நகரப் பேருந்தில் துறைமுகப் பக்கம் போவதாக ஏற்பாடு. சாதாரண நகரப் பேருந்துகளில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணம் இல்லையல்லவா? அந்த உற்சாகத்தில் பலகையைச் சரியாகப் படிக்காமல் வந்த பஸ்ஸில் ஏறிவிட்டோம். பேச்சு மும்முரத்தில் இறங்க வேண்டிய இடமும் போய்விட்டது. ஜன்னல் வழியே பார்த்தால் இரு புறமும் பனி பெய்தாற்போல வெள்ளை வெளேரென்று தரை. முள்ளக்காட்டுப் பக்கத்து உப்பளம். அச்சத்தோடு இறங்கினோம். எதிர்த் திசைப் பஸ் வரும்வரை ஒரு வேலமர நிழலில் நின்றோம்.

அதே நிழலில் நான்கைந்து பெண்கள் தூக்குச்சட்டியைத் திறந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்கள். காலை பத்து மணிதான் இருக்கும். ஆனால் அவர்கள் இருட்டோடு வேலைக்கு வந்து, வெயில் ஏறுவதற்குள் பாதி வேலையை முடித்திருந்தார்கள். பாத்தியில் விளைந்த உப்பை வாரிக் கூட்டிக் கரையில் கொண்டு போய்க் குவிக்க வேண்டும். காலில் உப்பு அரித்த புண். வெள்ளைத் தரையில் பட்டுத் தெறிக்கும் வெயிலில் எங்களுக்கு ஐந்து நிமிடம் கண் திறக்க முடியவில்லை. அவர்கள் ஆண்டுக்கணக்கில் அதைப் பார்க்கிறார்கள். இந்தியாவில் குஜராத்துக்கு அடுத்தபடியாக உப்பு விளைவது தமிழ்நாட்டில். அதில் பெரும்பகுதி தூத்துக்குடி மாவட்டத்தில். நம் வீட்டு அஞ்சறைப் பெட்டிக்கு அருகில் இருக்கும் உப்பு ஜாடிக்குள் இந்தப் பெண்களின் கால்கள் இருக்கின்றன என்று எனக்கு அதுவரை தெரியாது.

அவர்களில் மூத்தவர், "எந்த ஊரு பிள்ளைகளா? ஆம்பளத் துணை இல்லாமலா வந்தீங்க?" என்று கேட்டார். சொன்னோம்.

"லீவா? நல்லா இருங்க. எங்களுக்கு இப்பத்தான் வேலக் காலம். ஐப்பசி கார்த்திகை மழை விழுந்தா எங்களுக்கு லீவு. அந்த லீவு வேண்டவே வேண்டாம் தாயி."

மழைக்காலத்தில் உப்பு விளையாது. வேலை இல்லை, கூலியும் இல்லை. அந்த மாதங்களுக்காக அரசு 5,000 ரூபாய் நிவாரணம் தருகிறது என்று பின்னர் பெரியம்மாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். மூன்று மாதத்துக்கு அது எத்தனை நாள் அரிசிக்கு வரும் என்று கணக்குப் போட்டால் மனம் சோர்கிறது.

எங்களைத் திட்டுவார்களோ என்று பயந்தோம். அவர்களோ, பஸ் வரும்வரை எங்களோடு இருந்து, நடத்துநரிடம், "எங்க பிள்ளைக, பஸ் ஸ்டாண்டில பாத்து இறக்கி விடுங்க" என்று சொல்லியும் அனுப்பினார்கள். ஏறும்போது அந்த அம்மாள் என் கைக்குட்டையில் ஒரு பிடி உப்பை வைத்து முடிந்து கொடுத்தார்.

பஸ்ஸில் வரும்போது எனக்கு எங்கள் அம்மாவின் நினைவாகவே இருந்தது. எங்கள் ஊரிலும் பக்கத்துத் தளவாய்புரத்திலும் நைட்டி தைப்பது பெருந்தொழில். அம்மா வீட்டில் இருந்தபடியே கம்பெனிக்குத் தைத்துக் கொடுக்கிறார். உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி. தைத்தால் காசு, தைக்காவிட்டால் இல்லை. அப்பாவுக்கு மில்லில் வாரத்தில் ஒரு நாள் விடுமுறை உண்டு. அன்று அப்பா பத்திரிகை படிப்பார், உறங்குவார், நண்பர்களைப் பார்ப்பார். அதில் ஒரு குறையும் இல்லை, ஆறு நாள் உழைக்கிறவர். ஆனால் அன்றும் அம்மாவின் தையல் மெஷின் ஓடும். அது நின்றால் அம்மி ஓடும். கறி எடுக்கும் நாள் என்பதால் அன்றுதான் அடுப்படியில் வேலை அதிகம். நூற்றுப் பதினேழு ஆண்டுகளுக்கு முன் கோரல் மில் தொழிலாளர்கள் வாங்கிய விடுமுறை அப்பாவுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. எங்கள் அம்மாவின் தையல் மெஷினுக்கு இன்னும் வந்து சேரவில்லை.

பெற்றோர்களே, உங்கள் அச்சத்தை நான் ஏளனம் செய்யவில்லை. செய்தித்தாளை நாங்களும் படிக்கிறோம். வழி தவறிய அந்த அரை மணி நேரத்தில், "அப்பா சொன்னது சரிதானோ" என்று எனக்கே வயிற்றைக் கலக்கியது. ஆனால் ஒன்று யோசித்துப் பாருங்கள். வழி தவறினால் யாரைக் கேட்க வேண்டும், எங்கே நிற்க வேண்டும், எந்தப் பஸ்ஸில் திரும்ப வேண்டும் என்பதை நான் அந்த அரை மணி நேரத்தில் கற்றேன். வீட்டுக்குள் இருந்து கற்றிருக்க முடியாது. அடுத்த ஆண்டோ அதற்கடுத்த ஆண்டோ எங்களைக் கல்லூரிக்கும் வேலைக்கும் தொலைதூர ஊர்களுக்குத் தனியே அனுப்பத்தான் போகிறீர்கள். அன்று திடீரென்று எங்களுக்கு எல்லாம் தெரிந்திருக்க வேண்டும் என்றால் எப்படி? நீச்சல் தெரிந்த பிறகுதான் கிணற்றில் இறங்க விடுவேன் என்பது போல் அல்லவா இருக்கிறது!

"அண்ணனோடு போ, அப்பாவோடு போ" என்பவர்கள் உண்டு. அவர்களோடும் போகலாம், போனால் மகிழ்ச்சிதான். ஆனால் குடும்பத்தோடு போகும் ஊரில் பெண்களுக்கு அடுப்படியும் கூடவே வருகிறது. தண்ணீர்ப் பாட்டில், துண்டு, தம்பியின் செருப்பு, தாத்தாவின் மாத்திரை எல்லாவற்றையும் சுமப்பது யார்? தோழிகளோடு நின்றபோதுதான் நான் கடலைச் சும்மா பார்த்தேன். யாருக்காவது எதையாவது எடுத்துக் கொடுக்க வேண்டுமே என்ற நினைப்பில்லாமல் ஒரு மணி நேரம் இருந்தது, எனக்குத் தெரிந்து அதுவே முதல் முறை. என் பதினைந்து வயதில் எனக்கு இது புதிது என்றால், நாற்பது வயதில் எங்கள் அம்மாவுக்கு எப்படி இருக்கும்? பெண்களுக்குக் கட்டணமில்லாப் பேருந்தை அரசு விட்டிருக்கிறது. ஏறுவதற்கு வீட்டில் அனுமதிச் சீட்டு வாங்குவதுதான் பெரும்பாடு.

ஆகவே நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. மகனுக்குத் தகவல் போதும் என்றால், மகளுக்கு அனுமதியாவது கிடைக்கட்டும். எங்கே, யாரோடு, எப்போது திரும்புவோம் என்று எல்லாம் சொல்லிவிட்டுத்தான் போவோம். அம்மாக்களும் தம் தோழியரோடு ஆண்டில் ஒரு நாளாவது வாசலைத் தாண்டட்டும். அன்றைய சாம்பாரில் உப்புக் கூடினாலும் குறைந்தாலும் வீட்டில் இருப்பவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். இதை வீட்டில் சொன்னபோது, "நான் போனால் யார் பருப்பு வேக வைப்பது?" என்று அம்மா சிரித்தார். அப்பா பத்திரிகையிலிருந்து தலையைத் தூக்காமலே, "குக்கர்தானே, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார். அவர் விளையாட்டுக்குச் சொன்னாரா என்று தெரியாது. நான் குறித்து வைத்துக்கொண்டேன். இப்போது அச்சிலும் ஏற்றிவிட்டேன்.

பள்ளி திறந்த அன்று, வராமற்போன தோழிக்கு மக்ரூன் பொட்டலமும், கடற்கரையில் பொறுக்கிய சிப்பிகளும், அந்தக் கைக்குட்டை உப்பும் கொடுத்தோம். மக்ரூனை ஐவரும் இடைவேளைக்குள் தீர்த்துவிட்டோம். உப்பை மட்டும் அவள் ஒரு காகிதத்தில் மடித்து ஜியாமெட்ரி பெட்டிக்குள் வைத்தாள். "கோரல் மில்லைப் பார்த்தீர்களா?" என்று கேட்டாள். வெளியிலிருந்து பார்த்ததைச் சொன்னோம். "வெளியிலிருந்தா!" என்று எங்களைக் கடிந்துகொண்டாள். தான் போயிருந்தால் என்னென்ன பார்த்திருப்பாள் என்று மணி அடிக்கும்வரை சொல்லிக்கொண்டே இருந்தாள்.

சென்ற மாதம் ஒரு மாலை அவள் வீட்டுக்கு நோட்டு வாங்கப் போயிருந்தேன். அவளுடைய தந்தையார் திண்ணையில் இருந்தார். நான் வணக்கம் சொல்லிவிட்டு உள்ளே போகும்போது, "ஏம்மா, தூத்துக்குடிக்குப் போக பஸ்ஸுக்கு எவ்வளவு ஆச்சு?" என்று கேட்டார். சொன்னேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டார். வேறொன்றும் கேட்கவில்லை.